முதல் பருவத்திலேயே மூன்று அரியர்: இரண்டாம் பருவத்தை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: குமாரபாளையத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவைப் பக்கத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் மின் மற்றும் மின்னணுப் பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் 512 மதிப்பெண் பெற்றேன். பள்ளியில் என்னைப் படிக்கிற பையன் என்றுதான் சொல்வார்கள்.

சென்ற வாரம் முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. ஆங்கிலம், வேதியியல், தமிழர் மரபு ஆகியவற்றில் தேறிவிட்டேன். அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், பைத்தான் ஆகிய மூன்றிலும் 'யு' (தேறவில்லை, அதாவது அரியர்) என்று வந்திருக்கிறது. கணக்கில் இன்டர்னல் (கல்லூரியே போடும் அக மதிப்பெண்) 40க்கு 24 இருக்கிறது. வருகைப்பதிவும் 82 விழுக்காடு. வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றியவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என்ன நடந்தது என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை. பள்ளியில் கணக்குப் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தால் போதும், தேர்வில் அவையே வரும். இங்கே ஆசிரியர் ஒரு யூனிட்டை இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார். நான் கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். இயற்பியலில் விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்திருந்ததால் கணினியில் பழகியதே இல்லை. பைத்தான் நிரல்களை அப்படியே மனப்பாடம் செய்து எழுதினேன்.

அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். முடிவு இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டு, வரும் ஆண்டில் கலைக்கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேரலாமா என்ற யோசனையும் இருக்கிறது. அல்லது அறைத்தோழன் சொல்வது போல, இந்தப் பருவப் பாடங்களை ஒப்புக்குப் படித்துக்கொண்டு, மூன்று அரியரையும் முதலில் முடிப்பதில் முழுமூச்சாக இறங்கலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1: பழைய அரியர்க்காரன்

தம்பி, உங்கள் அறைத்தோழன் சொல்லும் வழியில் போனவன் நான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017இல் சேர்ந்தேன். முதல் பருவத்தில் நான்கு பேப்பர் போயிற்று. அந்த நான்கையும் ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில், மாலையில் ஒரு டியூஷனில் சேர்ந்து முதல் பருவப் பாடங்களையே படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பருவ வகுப்பில் உடல் மட்டும் உட்கார்ந்திருக்கும். முடிவு வந்தபோது நான்கில் ஒன்று மட்டும் கிளியர் ஆகியிருந்தது, இரண்டாம் பருவத்தில் புதிதாக மூன்று விழுந்திருந்தது. நான்கு இருந்த இடத்தில் ஆறு. பழைய அரியர் ஒருவனை மூழ்கடிப்பது அபூர்வம், அதைத் துரத்தும்போது புதிதாகச் சேர்வதுதான் மூழ்கடிக்கிறது. மூன்றாம் பருவத்தில் இதைத் திருப்பிப் போட்டேன். நடப்புப் பருவத்தில் எதையும் விடுவதில்லை, அதற்கு மேல் மிஞ்சும் நேரத்தில் இரண்டு பழைய பேப்பர் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆறு நான்காகி, நான்கு இரண்டாகி, 2019 நவம்பர், டிசம்பர் தேர்வோடு எல்லாம் முடிந்தது. (அடுத்த ஆண்டு கொரோனா காலத்தில் அரியர் தேர்வு ரத்து என்ற அறிவிப்பும் அதன்மீதான வழக்குமாக நண்பர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, முன்பே முடித்தது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.)

நடப்புப் பாடத்துக்கு முன்னுரிமை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் 2021 விதிமுறையில் (2021 முதல் 2024 வரை சேர்ந்தவர்களுக்கான அண்ணா பல்கலைக்கழக விதிகள்) எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. எங்கள் காலத்தில் இன்டர்னல் 20 மட்டுமே. நடப்புப் பாடத்தின் இன்டர்னலை இப்போது மட்டும்தான் சம்பாதிக்க முடியும். அரியர் பேப்பரின் இன்டர்னல் ஏற்கெனவே நின்றுவிட்டது, அடுத்த முறை எழுதும்போது அதே 24 உங்களுடன் வரும். அரியரை ஆறு மாதம் கழித்தும் எழுதலாம், இந்த மாதம் நடக்கும் இன்டர்னல் தேர்வை அப்போது எழுத முடியாது.

இப்போது உங்கள் கணக்குப் பேப்பரைப் பாருங்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், அதோடு பருவத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். நூற்றுக்கு 45 எடுத்தால் அது அறுபதுக்கு 27 ஆகிறது. 24உம் 27உம் சேர்ந்தால் 51. ஆக உங்களுக்குத் தேவை வினாத்தாளில் 45. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறு சரியானால் 12. மிச்சம் 33ஐ ஐந்து 16 மதிப்பெண் வினாக்களிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு யூனிட்டை முழுதாகவும் மூன்றாவதைப் பாதியாகவும் கையில் வைத்திருந்தால் கரையேறிவிடலாம். 'கணக்கு வரவில்லை' என்று மலைத்துப்போய் இருப்பவருக்கு, 'இரண்டரை யூனிட் படிக்க வேண்டும்' என்பது வேறு மாதிரியான செய்தியாக இருக்கும்.

பைத்தானைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அது நானும் விட்ட பேப்பர். நானும் மனப்பாடம்தான் செய்தேன். ஒன்று முதல் பத்து வரை எண்களை அச்சிடும் நிரலுக்கு 'ரேஞ்ச்' என்பதற்குள் 1, 10 என்று எழுதிவிட்டு வந்தேன். அது ஒன்பதோடு நின்றுவிடும் என்பது தேர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரு நண்பனின் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மடிக்கணினி இல்லாவிட்டாலும் கைப்பேசியில் பைத்தானை ஓட்டிப் பார்க்கச் செயலிகள் இருக்கின்றன. நாளுக்கு ஒரே ஒரு நிரலைத் தட்டுங்கள், பிறகு அதில் வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றுங்கள், இடைவெளியை எடுத்துவிடுங்கள், என்ன பிழை காட்டுகிறது என்று பாருங்கள். இருபது நிரல்களை இப்படிக் கெடுத்துப் பார்த்தவனுக்கு மனப்பாடம் தேவைப்படாது.

இயற்பியலில் விடை தெரிந்தும் எழுத வரவில்லை என்கிறீர்கள். ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் துகள் பற்றிய வினாவுக்குப் படம், எல்லை நிபந்தனைகள், சமன்பாட்டுப் படிகள், கடைசியில் ஆற்றல் மதிப்பு என்று எழுதினால் விடையில் முக்கால் பங்கு சமன்பாடுதான். இடையில் வரும் ஏழெட்டு ஆங்கில வாக்கியங்களைச் சிறியவையாக நீங்களே அமைத்து எழுதிப் பழகுங்கள். புத்தகத்து வாக்கியத்தை உருப்போட்டால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிடும்.

கடைசியாக, நிறுத்திவிடலாமா என்ற கேள்வி. அரியர் வைத்தால் டிஸ்டிங்ஷன் (சிறப்புடன் கூடிய முதல் வகுப்பு) போய்விடும் என்பது உண்மை, அதற்கு எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் முடித்து, சிஜிபிஏ (எல்லாப் பருவங்களுக்குமான தரப்புள்ளிச் சராசரி) 6.5க்குக் குறையாமல் இருந்தால் முதல் வகுப்பு கிடைக்கும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களில் சில பழைய அரியரையும் கேட்கும், பல நிறுவனங்கள் கையில் நிற்கும் அரியர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும். என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்றேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பதில் 2: கணக்கு வாத்தியார்

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியல் கல்லூரிகளில் முதலாமாண்டுக் கணிதம் நடத்துகிறேன். மேலே எழுதியவர் சொன்ன முன்னுரிமை சரி. ஆனால் '45 போதும்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 45ஐக் குறிவைத்துப் போகிறவர் தேர்வறையில் ஒரு கணக்கைக் கோட்டைவிட்டால் 38இல் வந்து நிற்பார். மூன்றரை யூனிட் தயார் செய்யுங்கள், இரண்டரை தேறும்.

முதலில் விடைத்தாளின் நகலைப் பெறுங்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது பிறகு. அதற்கான காலம் முடிவு வந்த பின் சில நாட்கள்தான் இருக்கும், ஆகவே நாளைக்கே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். நகலை உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டி, எங்கே மதிப்பெண் போயிற்று என்று பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். தோற்ற மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் விடைத்தாளைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. கணக்கு தெரியாமல் விட்டது எவ்வளவு, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எவ்வளவு, கூட்டல் கழித்தலில் விட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் என்ன படிக்க வேண்டும் என்பது தெரியும். என் அனுபவத்தில் மூன்றாவது வகைதான் மாணவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒரு யூனிட்டைக் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். முதல் யூனிட் அணிகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த உங்களுக்கு இதில்தான் பிடிமானம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள்தான். சிற்றணிக்கோவை, நேர்மாறு அணி, அணியின் தரம், காஸியன் நீக்கல் முறை எல்லாம் நீங்கள் போட்டவை. கல்லூரியில் புதிதாகச் சேர்வது ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர் (அணியால் பெருக்கினாலும் அதே கோட்டில் நிற்கும் வெக்டரும், அது பெருகும் மடங்கும்), கெய்லி ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தைச் சுருக்குதல் ஆகியவை. பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நோட்டின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதி வையுங்கள். 'மைனர்' என்று வகுப்பில் கேட்கும்போது சிற்றணிக்கோவை என்று மனத்தில் ஓடினால் பாதித் திணறல் போய்விடும். பகுதி வகைக்கெழுவும் அதே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது, அது உங்கள் மூன்றாம் யூனிட்டுக்கு வாசல்.

மூன்றுக்கு மூன்று அணிக்கு ஐகன் மதிப்பு காண, சிறப்பியல்புச் சமன்பாட்டில் மூன்று எண்கள் வேண்டும். எஸ் ஒன்று என்பது முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல். எஸ் இரண்டு என்பது அந்த மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூடுதல். எஸ் மூன்று அணிக்கோவையின் மதிப்பு. விடைத்தாள்களில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பகுதி எஸ் இரண்டில் நடக்கிறது, அதுவும் குறை எண்களைப் பெருக்கும் இடத்தில். அங்கே ஒரு குறி மாறினால் பதினாறு மதிப்பெண் கணக்கும் சரிந்துவிடும். ஆகவே எஸ் இரண்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், அதில் வரும் பிழை அடுத்துச் சொல்லும் சரிபார்ப்பில் சிக்காது. சமன்பாட்டிலிருந்து ஐகன் மதிப்பு காண்பதில் வரும் பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்கும், பெருக்கற்பலன் அணிக்கோவைக்கும் சமமாக இருக்க வேண்டும். முதல் வரிசையில் 4, 1, இரண்டாம் வரிசையில் 2, 3 உள்ள சிறிய அணியை எடுத்துக்கொண்டால் ஐகன் மதிப்புகள் 5, 2. கூட்டினால் 7, மூலைவிட்டமும் 7. பெருக்கினால் 10, அணிக்கோவையும் 10. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் நூற்றில் பத்துப் பேர்கூடச் செய்வதில்லை என்று தோன்றுகிறது.

இன்னொன்று. இந்தப் பருவத்தில் உங்களுக்குப் புள்ளியியலும் எண்சார் முறைகளும் என்ற பாடம் இருக்கும். அதன் மூன்றாம் யூனிட்டில் அடுக்கு முறையிலும் ஜேக்கோபி முறையிலும் இதே ஐகன் மதிப்பைக் காண்பது வருகிறது. ஆகவே அந்த யூனிட் நடக்கும் வாரத்தில் முதல் பருவத்து முதல் யூனிட்டையும் சேர்த்துப் படியுங்கள், ஒரே உழைப்பு இரண்டு பேப்பருக்கும் ஆகும். அரியரை நடப்புப் பாடத்தோடு ஒட்ட வைத்துப் படிக்கும் இத்தகைய இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கல்லூரியில் தோற்றவர்களுக்கு எல்லோரும் கணிதமேதை இராமானுஜன் கதையைச் சொல்வார்கள். அவர் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததும், சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. (அக்காலத்தில் பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வு) தேறாததும் உண்மைதான். ஆனால் அவர் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் தோற்றார். அந்த ஆறுதல் உங்களுக்கும் எனக்கும் பொருந்தாது, நாம் எஸ் இரண்டில் குறியைச் சரியாகப் போடுவோம்.

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய்

தம்பி, மேலே இருவரும் பாடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். முடிவு வரவில்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, நான் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் இளங்கலை இயற்பியல் படித்தபோது முதலாண்டில் இரண்டு தாள் போயிற்று. வீட்டில் ஓர் ஆண்டு சொல்லவில்லை. மறுதேர்வுக் கட்டணத்துக்கு, புத்தகம் வாங்க வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்கினேன். அந்தப் பணத்தை வாங்கியபின் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. விடுமுறைக்குப் போனால் அம்மா 'எப்படிப் படிக்கிறாய்' என்று கேட்டுவிடுவாரோ என்று அடுப்படிக்கே போகமாட்டேன். படிப்புக்கு ஆகவேண்டிய மனத்தில் பாதி அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே போயிற்று. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் வழியாக விஷயம் வெளியே வந்தபோது அப்பா திட்டியது அரை மணி நேரம். ஓர் ஆண்டாக நான் பயந்தது அந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

கைப்பேசியில் சொல்லாதீர்கள். தறிச் சத்தத்தில் பாதி கேட்காது, கேட்ட பாதி தப்பாகப் போய்ச்சேரும். வார இறுதியில் ஊருக்குப் போய், எத்தனை தாள் போயிற்று, எப்போது மறுபடி எழுதுவீர்கள், எவ்வளவு கட்டணம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை தரும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்கில் வருகிறதென்றால் கட்டணத்தை அதிலிருந்தே கட்டிவிடுவேன் என்றும் சொல்லலாம். எதைச் சொல்லாமல் விட்டாலும் அதை அவர் வேறு யாரிடமிருந்தாவது தெரிந்துகொள்வார்.

படிப்பை மாற்றுவதைப் பற்றி முடிவு செய்யும் நேரம் இதுவன்று. இயந்திரங்களோ மின்சாரமோ உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

கேள்வி கேட்டவர்: குமாரபாளையத்து மாணவன், பதினெட்டு நாள் கழித்து

மூவருக்கும் நன்றி. போன சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார். அம்மாதான் அழுதார்.

விடைத்தாள் நகல் வந்தது. ஐயா சொன்னபடி பிரித்துப் பார்த்தேன், தெரியாமல் விட்டதைவிடத் தெரிந்து விட்டது அதிகம். மூன்றாம் யூனிட் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, நேரம் போதாமல் ஐந்தாம் யூனிட்டைத் தொடவே இல்லை. நடப்புப் பருவத்தின் முதல் இன்டர்னல் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன். பைத்தானில் பதினோரு நிரல்களைக் கெடுத்துப் பார்த்திருக்கிறேன், நேற்று ஒன்று முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, கைப்பேசி சூடாகிவிட்டது.

கணக்கில் ஒரு சந்தேகம். 6, -2, 2 முதல் வரிசை, -2, 3, -1 இரண்டாம் வரிசை, 2, -1, 3 மூன்றாம் வரிசை. முதலில் எஸ் இரண்டு 38 என்று வந்தது, எந்த எண்ணைப் போட்டாலும் பூச்சியம் வரவில்லை. திரும்பப் பார்த்தால் 9இலிருந்து 1ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தேன். திருத்தியபின் 36. ஐகன் மதிப்புகள் 8, 2, 2 என்று வந்தன. கூடுதல் 12, பெருக்கற்பலன் 32, இரண்டும் ஒத்துப்போகின்றன. 8க்கு உரிய வெக்டர் 2, -1, 1. ஆனால் 2 இரண்டு முறை வருவதால் மூன்று சமன்பாடும் ஒரே சமன்பாடாகிவிடுகிறது. அதிலிருந்து இரண்டு வெக்டர்களை எப்படி எடுப்பது?

பதில்: கணக்கு வாத்தியார்

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள் தம்பி, இது தேர்வில் அடிக்கடி வரும் கணக்கு. உங்கள் மூன்று சமன்பாடும் சுருங்கினால் இரண்டு எக்ஸ் கழித்தல் ஒய் கூட்டல் இசட் சமம் பூச்சியம் என்று ஆகும். அதில் எக்ஸைப் பூச்சியம் என்று வைத்தால் ஒய்யும் இசட்டும் சமம், ஆகவே 8க்கு உரியதை அடுத்து, இரண்டாம் வெக்டர் 0, 1, 1. அணி சமச்சீராக இருப்பதால் மூன்றாம் வெக்டர் மற்ற இரண்டுக்கும் செங்குத்தாக இருக்கும்படி எடுக்க வேண்டும். அதை எல், எம், என் என்று வைத்துக்கொண்டு, 2, -1, 1 உடன் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம், 0, 1, 1 உடன் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் என்று இரண்டு சமன்பாடு எழுதுங்கள். 1, 1, -1 வரும்.

இதே அணியை இருபடி வடிவமாகக் கொடுத்தும் கேட்பார்கள். வெக்டர்களை அவற்றின் நீளத்தால் வகுத்து, அடுத்த படி வரை போட்டுப் பார்த்துவிட்டு நோட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.